அமுக்கராப் பால்

மட்டுவார்குழலிக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருடம். இடது முன்கை இரண்டு முறை ஒடிந்திருக்கிறது. ஒரு கடைவாய்ப்பல் இல்லை. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் படுக்கை விரிப்புகள் துவைக்கிறாள். முறுக்கிப் பிழியும்போது அந்தக் கை இன்னும் குத்தும்.

புருஷன் வீரமலை துவாக்குடிப் பட்டறை ஒன்றில் கிரைண்டிங் மிஷின் பிடிக்கிறவன். பகலெல்லாம் இரும்பின் அலறலைக் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் அதைவிட உரக்கக் கத்துவான். பாலக்கரையில் அவர்கள் இருப்பது எதிரெதிராக இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து குடித்தனம் உள்ள வளவு. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பெண் அழுதால் அது அந்த வீட்டு விவகாரம், யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. கெட்ட வார்த்தை தெருவுக்குக் கேட்டால் மட்டும் கதவைத் தட்டலாம். வீரமலை முதலில் அவளுடைய அம்மாவை இழுத்துத் திட்டுவான், பிறகுதான் கை நீளும். நாலாவது அடி விழுவதற்குள் பக்கத்து வீட்டு ரோசரி வந்துவிடுவாள். "எங்க பிள்ளைங்க படிக்குது தம்பி." அவன் வெளியே போய்விடுவான். ரோசரி வேளாங்கண்ணி போயிருந்த இரண்டு தடவைதான் கை ஒடிந்தது.

ஆடி மாதம் மட்டுவார்குழலிக்கு நெஞ்சு படபடப்பு வந்தது. குழாயைத் திறந்தால் வருகிற சத்தத்துக்கே உடம்பு தூக்கிப் போட்டது. பெரியாஸ்பத்திரி சித்த மருத்துவப் பிரிவில் டாக்டரம்மா அமுக்கராச் சூரணம் கொடுத்தாள்.

"பால்ல கலந்து குடிங்க. மனசு அடங்கும், தூக்கம் வரும்."

"கோவமும் அடங்குங்களா?"

"உங்களுக்குக் கோவம் வருதா?"

"வீட்ல வருதுங்க."

டாக்டரம்மா அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிட்டாள்.

அவன் அடங்கிவிட்டால் தனக்கு எதற்கு மருந்து என்று நினைத்தாள். பனங்கற்கண்டைத் தூக்கலாகப் போட்டு அவன் பாலில் கலந்தாள்.

"என்னடி, மண்ணு வாடை அடிக்குது?"

"அடிப்பிடிச்சிருச்சு."

"பால் காய்ச்சவும் துப்பில்ல." குடித்துவிட்டான்.

பத்து நாளில் அவன் கத்துவதை விட்டான். குறட்டை விட்டுத் தூங்கினான். மிஷின் பிடித்துப் பிடித்து அவனுக்கு வந்திருந்த கை நடுக்கமும் நின்றது. கடைசி வீட்டு ஹாஜிரா கேட்டாள்: "என்ன குழலி, ஒங்க வீட்டு ரேடியோ ரிப்பேரா?" மட்டுவார்குழலி சிரித்தாள்.

மறுநாள் சாயங்காலம் குழம்பில் உப்பு இல்லை. அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து கை கழுவினான். கதவைத் தாழிட்டான். பிறகு அடித்தான்.

ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பெல்லாம் ஆத்திரத்தில் பாதி அடி சுவரில் விழும். இப்போது ஒன்றும் தப்பவில்லை. விலாவில் குத்தினான். அதே இடத்தில் மறுபடியும் குத்தினான். மூக்கு உடைந்து ரத்தம் வாய்க்குள் இறங்கியது. முடியைச் சுருட்டிப் பிடித்து நெற்றியை அடுப்புத் திட்டின் விளிம்பில் மோதினான். நிறுத்தி, பார்த்து, மறுபடி மோதினான். அவள் அழுதாள். பக்கத்து வீட்டில் டீவி ஓடிக்கொண்டிருந்தது. ஏழாவது அடி, எட்டாவது அடி. அவனுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. இன்றைக்கு இவன் களைக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்பதும் தெரிந்தது.

அவள் அழுகையை நிறுத்தினாள். அவனுடைய அம்மாவை இழுத்துத் திட்டினாள். பதினாறு வருடமாகத் தன் காதில் விழுந்த ஒவ்வொரு சொல்லையும் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

டீவி நின்றது. தாழ்ப்பாள் பிய்ந்து கதவு திறந்தது.

"பொம்பள பேசுற பேச்சாடி இது? பிள்ளைங்க இருக்கிற..." ரோசரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா," என்றான் வீரமலை, சாந்தமாக. "உப்பு பத்தல."

ஹாஜிரா ஓடி வந்து துப்பட்டாவை அவள் நெற்றியில் வைத்து அழுத்தினாள். "போதும் குழலி, அதான் வந்துட்டோம்ல."

மட்டுவார்குழலி நிறுத்தவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து வாசல்வரை நடந்தாள். எதிர் வரிசைக் கதவுகளும் திறக்கும்வரை கத்தினாள்.