குழியில் விழ ஓர் ஆள்

மானாம்பதி வேதகிரி சிரிப்பு நாடகம் எழுதக் கற்றுக்கொண்டது உத்திரமேரூர் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில். வேறெங்கே போய்க் கற்பது? அந்த ஆபீசில் மனுப் போடாமல் கிடைத்த ஒரே சரக்கு சிரிப்புதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் அவன் அங்கே தற்காலிகக் குமாஸ்தா. அப்பா இருசப்பன் கூலிக்கு மண்வெட்டி பிடித்து, அரை வயிற்றுக் கூழைக் குடித்துக்கொண்டு, எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்கவைத்த பிள்ளை. தற்காலிகம் என்றால் என்னவென்று இருசப்பனுக்கு எத்தனை சொல்லியும் விளங்கவில்லை. "வேலன்னா முயுசா வேலதானே, அதுல இன்னா பாதி வேல?" என்று கண்டவரையெல்லாம் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு வேலை நிரந்தரமானதைப் பார்த்துவிட்டால் போதும் அவருக்கு. அதற்குமேல் ஓர் ஆசையும் கிடையாது.

அந்தச் சமயத்தில் வளர்ச்சி வாரம் வந்தது. ஜில்லாவிலிருந்து பெரிய அதிகாரி வருகிறாராம். அவர் முன்னால் எருக்குழியின் பெருமையைச் சொல்லும் குட்டி ஹாஸ்ய நாடகம் ஒன்று போட வேண்டுமாம். டீக்கடையில் நாலு பேரைச் சிரிக்கவைக்கிறவன் என்று பெயர் வாங்கியிருந்ததால் யூனியன் கமிஷனர் வேதகிரியைக் கூப்பிட்டனுப்பினார். "நாடகம் நல்லா அமைஞ்சுதுன்னா உன் வேலையை நிரந்தரம் பண்ணிடறேன்" என்றார்.

முதலில் எழுதியதைச் சாமுவேலிடம் படித்துக் காட்டினான். சாமுவேல் அதே ஊர், பால்ய சிநேகிதன், கிராம சேவகர். ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்து எருக்குழி வெட்டச் சொல்வது உத்தியோகம். கிறிஸ்துமஸ் நாடகத்தில் கோமாளி வேஷம் கட்டுவது சந்தோஷம். பாதியிலேயே கொட்டாவி விட்டான்.

"இன்னாடா இது, சர்க்கார் நோட்டீசுக்கு வேஷங்கட்டி வுட்டாப்ல கீது! அல்லாரும் நல்லவனாவே கீறானுங்கோ. எவனாவது மெதப்பா வரணும், வந்து தொபுக்கடீர்னு வுயணும். அப்பதான் ஜனம் சிரிக்கும்."

வேதகிரிக்குப் பொறி தட்டிவிட்டது. உட்கார்ந்து திருத்தினான். கோட்டுப் போட்ட ஆபீசர் எருக்குழியைப் பார்வையிட வருகிறார். குழி எங்கே இருக்கிறதென்று கையிலிருக்கும் ஃபைலில் தேடிக்கொண்டே நடக்கிறார். நடந்து, அந்தக் குழியிலேயே விழுகிறார். சாமுவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் உதவி செய்யக் கிளம்பினார்கள்.

மானேஜர் சுந்தரவரதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். "பேஷ்! ஆனா ஆபீசர் விழறது மட்டும் வேண்டாம்ப்பா. சர்க்கார் சாணியில விழலாமோ? மிராசுதார் யாரையாவது தள்ளிடேன்."

சேர்மன் ஏகாம்பரத்துக்கு ஏரிக்கடியில் நிறைய நஞ்சை உண்டு. "மிராசுதாருக்கு இன்னா, கண்ணு அவிஞ்சி பூட்ச்சா? கணக்குப்பிள்ளய வுயச் சொல்லுய்யா!" என்றார். கணக்குப்பிள்ளைக்கு எப்படியோ சேதி எட்டி, மறுநாளே அங்கவஸ்திரத்தோடு வந்து ஆபீசில் உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்து வாத்தியாரைத் தள்ளினால் கல்விக்கு இழுக்கு. பூசாரியைத் தள்ளினால் தெய்வ குற்றம். போகட்டும், மாடு விழட்டும் என்றால் கால்நடை டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "எனக்காகச் சொல்லலை, நாடகம் நல்லா இருக்கணுமேன்னு சொல்றேன்."

கடைசியில் சுந்தரவரதனே வழி கண்டுபிடித்தார். "கூலியாள் விழட்டுமே! யாருக்கும் மனஸ்தாபம் இல்லை." கமிஷனருக்கும் பிடித்துப்போயிற்று. "அதான் இயற்கையா இருக்கு" என்றார். அத்தனை பேருக்கும் நிம்மதி.

வேதகிரி அப்படியே சுத்தப் பிரதி எழுதிக் கொடுத்தான். எழுதும்போது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. யூனியனில் பாதிக் குழிகள் அப்பன் வெட்டியவை. நாடகத்தன்று முதல் ஆளாக வந்து, மேடைக்கு நேரே தரையில் உட்காரப்போகிறவரும் அவர்தான்.

நாடகம் சாயங்காலம் நடந்தது. மேடை முன்னால் நிஜமாகவே குழி வெட்டி வைக்கோல் பரப்பியிருந்தார்கள். கூலியாளாகச் சாமுவேல், ஆபீசராக யூனியன் டைப்பிஸ்ட். திரை விலகுவதற்கு முன் வேதகிரி சாமுவேலின் காதில் ஏதோ சொன்னான். சாமுவேல் திரும்பி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சரியென்று தலையாட்டினான்.

ஒத்திகையில் செய்ததுபோலவே சாமுவேல் முன்னால் நடந்தான். டைப்பிஸ்ட் ஃபைலில் கண்ணை வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். குழியோரம் வந்ததும் சாமுவேல் விழவில்லை. நின்றான். குனிந்து பார்த்தான். சனங்களைப் பார்த்துச் சொன்னான்:

"நான் வெட்ன குயிங்க இது. நான் எப்டி வுயுவேன்? நீங்க வாங்க சார்."

சொல்லிவிட்டு ஒதுங்கி வழிவிட்டான். சேதி தெரியாத டைப்பிஸ்ட் அதே மிடுக்கோடு நடந்து, கோட்டும் ஃபைலுமாக உள்ளே போனார்.

தரையில் இருந்த சனம் எழுந்து நின்று சிரித்தது. இருசப்பன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். ஜில்லா அதிகாரிக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் பார்த்துக் கமிஷனர் சிரித்தார். கமிஷனரைப் பார்த்து மானேஜர் சிரித்தார். சேர்மன் யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். கூட்டம் கலைவதற்குள், ஆபீசர் விழும் அந்த இடம் தன் யோசனைதான் என்று மூன்று பேரும் தனித்தனியே அதிகாரியிடம் சொல்லியாயிற்று.

பெரிய அதிகாரியே பாராட்டிய ஆளைத் திட்ட முடியாது. கமிஷனர் வேதகிரியை உட்காரவைத்துப் பேசினார். "இப்பேர்ப்பட்ட திறமையை ஒரு குமாஸ்தா நாற்காலியில கட்டிப்போடறது பாவம்ப்பா" என்றார். நாற்காலியின் பாவத்தைச் சுமக்கச் சுந்தரவரதனின் தங்கை பிள்ளை தயாராக இருந்தான்.

வேதகிரி நேரே ஊருக்குப் போனான். இருசப்பன் யாருக்கோ வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். வேலை போனதையும், குழியில் விழ வேண்டியிருந்தவன் கூலியாள் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னான். தட்டிக்கொடுப்பார் என்று நினைத்திருப்பான் போலிருக்கிறது. இருசப்பன் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அட மக்கு! கூலியாளயே வுயவெச்சிருக்கலாமேடா. நாடகந்தானே? நான் சிரிச்சிக்கினு இருந்திருப்பேன். உனுக்கு வேல நெலைக்கும்னா நெசக் குயில நானே வுயுந்திருப்பேனே."

வேதகிரி எவ்வளவோ அடக்கிப் பார்த்தான். முடியாமல் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து அழுதான்.