வேளாங்கண்ணி வண்டியில் இரண்டு சீட்டு

என் கணவர் ஒரு பழைய வேனை வாங்கி, பின்பக்கத்து சீட்டுகளை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, மெத்தை, கேஸ் அடுப்பு, தண்ணீர் டிரம், மின்விசிறி என்று பூட்டி அதற்கு வீடு என்று பெயர் வைத்தார். ஊரே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நான் பார்த்தது ஒன்றைத்தான். டிரைவருக்குப் பின்னால் பெல்ட் வைத்த சீட்டு இரண்டே இரண்டு மிச்சம் இருந்தது. எனக்குப் பிள்ளைகளும் இரண்டு. கணக்கு சரியாக இருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டது என் முட்டாள்தனம்.

மகனுக்கு மொட்டை போடத் தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்குக் கிளம்பிய அன்று, மகளையும் மகனையும் அந்த சீட்டுகளில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினேன். மாமியார் கணவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின்னால் உட்கார்ந்தால் அவருக்குக் குமட்டும். கடைசியாக மாமனார் வந்து நின்றார். மாமியார் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். கணவர் இறங்கி வந்து இரண்டு பெல்ட்டையும் கழற்றிவிட்டார். மாமனாருக்கு ஒரு சீட்டு, அவருடைய மூட்டுவலிக் காலை நீட்டிக்கொள்ள இன்னொரு சீட்டு. பிள்ளைகள் என்னோடு மெத்தைக்கு.

"ஓடுற வண்டில இதுங்கள நான் எப்படிங்க புடிச்சு வச்சுக்கிறது?" என்றேன்.

"வீட்டுக்குள்ள யாராவது பெல்ட்டு போடுவாங்களா? ஜாலியா படுத்துட்டு வரட்டும்" என்றார் கணவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு ஓடாது என்று சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. விழாத மாதிரி இருந்தார்கள் என்பதுதான் சரி.

வழியெல்லாம் மகன் மெத்தையில் குதித்தான். மகள் டிரம் மேல் ஏறி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது. "புள்ளைங்கள ஏன் இந்த அதட்டு அதட்டுற?" என்று மாமியார் என்னை அதட்டினார்.

திருவாரூர் தாண்டி ஒரு கிராமத்து ரோட்டில் திரும்பினோம். அறுத்த உளுந்துச் செடியை ரோடு முழுக்கப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறிப் போனால் உளுந்து தானாக உதிரும். பங்குனியில் எங்கள் பக்கம் ரோடுதான் களம். கணவர் வேகத்தைக் குறைக்கவில்லை. செடியைப் புரட்டிப் போட ஒரு பெண் கம்போடு குறுக்கே வந்தாள். பிரேக் அடித்தார். சக்கரம் செடியில் வழுக்க, மெத்தை பிள்ளைகளோடு முன்னால் பாய்ந்தது. மகளின் பாவாடை என் கையில் சிக்கியது. மகன் உருண்டுபோய், அடுப்பின் இரும்புக் காலில் தலை மோத ஒரு சாண் இருக்கும்போது நின்றான்.

"ஒண்ணும் ஆகல. மாதா காப்பாத்திட்டா" என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கணவர் மறுபடி கியரைப் போட்டார்.

பிள்ளைகளை இறக்கி அந்தப் பெண்ணோடு மர நிழலில் நிறுத்திவிட்டு, வேனுக்கு முன்னால் உளுந்துச் செடி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கணவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். மாமனார்தான் காலை இழுத்துக்கொண்டு இறங்கி வந்தார். இளவட்டமாக இருந்தபோது கூலிக்காகவும் குத்தகை நிலத்துக்காகவும் பண்ணையாரை எதிர்த்து இப்படி மறியலில் உட்கார்ந்து ஜெயிலுக்குப் போனவர் அவர். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், யார் வந்து சமாதானம் பேசினாலும் எழுந்திருக்காதவர் என்று ஊரில் பேர்.

"வேளாங்கண்ணி போயி பேசித் தீத்துக்கலாம். எந்திரிம்மா."

"இங்கயே தீத்துடுங்க மாமா."

"சரி. கோரிக்கை என்ன?"

"ரெண்டு சீட்டும் புள்ளைங்களுக்கு."

அவர் வேனைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"அப்ப நான் எங்கம்மா உக்காருறது?"

"பண்ணையார் உங்ககிட்ட இதையே கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க மாமா?"

நானும் எழுந்திருக்கவில்லை.