மாமா நேராக்கிய போர்க்களம்

போன வாரம் மாமாவிடம் என் போனில் ஒரு பழைய படத்தைக் காட்டினேன். கண்டிக்கு அருகே கன்னொறுவைப் பக்கத்துப் பழைய போர்க்களம். மானாப்புல்லுக்குள் கோணல்மாணலாக ஒரு கல்வரிசை. மாமா விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இந்த மொட்டக் கல்லு இப்ப நான் கட்டுன கட்டுல கெழக்கு மூலையில அடியில கெடக்கு. இது அதுக்கு மேல மூணாவது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினொரு வருஷம் கழிந்தும் ஒரு கல்லைக்கூட மறக்கவில்லையே மனிதர்! அப்படியானால் எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிடலாமே!

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஹந்தானைத் தோட்டத்தில் கல்லுக்கட்டு என்றால் மாமாதான். தேயிலை மலையில் மண் சரியாமல் இருக்க அவர் அடுக்கிய கட்டு எந்த மழைக்கும் அசைந்ததில்லை. போர்த்துக்கேயப் பறங்கிப் படையைக் கண்டி மன்னனின் ஆட்கள் மடக்கிய மேட்டைக் காடு மூடாமல் காக்க, ஒரு சிங்கள வாத்தியார் சனிக்கிழமைகளில் சிரமதானம் செய்கிறார் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நம்ம ஊருல நடந்த சண்ட, பாப்பா. நாம போவாட்டி எப்புடி?"

"ஒங்க பாட்டன் கப்பலேறுறதுக்கு முன்னுக்கே முடிஞ்ச சண்டைக்கு இப்பத்தான் ரோசம் வருதாக்கும்" என்றார் அத்தை. மாமா மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வருகைக் கொப்பியில், சிங்களப் பெயர்களுக்கு நடுவே தன் பெயரைத் தமிழில் எழுதிவிட்டு இரண்டு தடவை வாசித்துப் பார்த்தார். வாத்தியாரை எல்லோரும் சேர் என்றார்கள்; சேருக்குத் தமிழ் கொஞ்சம்தான். கல்வரிசையைக் காட்டி, "சுத்தம், சுத்தம்" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களோடு மேட்டின் மறுபக்கம் வேலைக்குப் போனார்.

தேயிலை மலைக்காரருக்குச் சுத்தம் என்றால் ஒன்றுதான். புல்லை வேரோடு பிடுங்கி, தண்ணீர் ஓடக் கான் வெட்டி, சிதறிய கல்லைப் பொறுக்கிக் கட்டுவது. சேர் திரும்பி வந்தபோது முழங்கால் உயரத்தில், நூல் பிடித்தாற்போல் ஒரு சுவர் நின்றது.

நான் ஓடிப்போய்க் கத்தினேன். "சேர், எங்க மாமா தனியாவே கட்டினாரு!"

சேர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, அது அந்தக் காலத்து ஆள் வெச்ச கல்தானே" என்றார், மெதுவாக. யாரும் ஏசவில்லை. ஒரு அம்மா பிளேன்டீயும் கருப்பட்டியும் கொண்டுவந்து கொடுத்தார். மாமா கோப்பையைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை.

பஸ்ஸில் கேட்டேன், "கட்டு நல்லாத்தானே மாமா இருந்திச்சு?" அவர் நகத்திலிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். மாமா வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் நின்றேன். நல்ல வேலையைக் கண்டு சேருக்குப் பொறாமை, மாமாவுக்கோ அந்த இடமே வெறுத்துவிட்டது என்று நானாக முடிவுகட்டினேன். போகாத அந்தச் சனிக்கிழமைகளிலும் காலையில் அவர் ஏன் மண்வெட்டியைத் தீட்டினார் என்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

நேற்று சேரோடு போனில் பேசினேன். மாமா கல்லைக் கண்டுகொண்ட கதையைச் சொன்னேன். சேர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "மாமா வருவாரா?"

வருவார். படத்தைப் பெரிதாக அச்செடுத்துவிட்டேன், முளைகளும் கயிறும் தயார். சனிக்கிழமை மொட்டைக் கல்லில் தொடங்குகிறோம். மாமாவுக்கு ஒரு பயம்தான்.

"கல்ல எடுத்துருவேன் பாப்பா. கோணலா வைக்கத்தான் கை வருமான்னு தெரியல."