அவள் எழுதாத ஒரு வரி

அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் ‘மெஷின் அக்கா’. மண்ணில் எந்த நஞ்சு எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்துச் சொல்லும் பெரிய மெஷின் ஒன்று அங்கே உண்டு. அவள் கைக்கு மட்டும்தான் அது அடங்கும். வேறு யார் தொட்டாலும் முரண்டு பிடிக்கும். டாக்டர் பட்டம் வாங்கி ஆறரை வருடமாகியும் அவள் தற்காலிக ஆராய்ச்சியாளர்தான். வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் பத்துப் பேரிடம் கையெழுத்துக்கு அலைய வேண்டும், போங்கள்!

இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறு ஊரிலிருந்து நிரந்தர வேலைக்கே கூப்பிட்டார்கள். ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர் விடவில்லை. “எங்கம்மா போற? இங்கயே ஒரு நிரந்தரப் பதவி வருது. அது உனக்குத்தான், கொஞ்சம் பொறு.”

வீட்டுக்காரர் மட்டும் கேட்டார்: “எழுத்துல ஏதாவது குடுத்தாரா?”

“சார் அப்படிப்பட்டவர் இல்லைங்க” என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

போன மாதம் பதவி நிஜமாகவே வந்தது. யாருக்கு வேலையோ அவரையே விளம்பரத்தை எழுதச் சொல்வது அங்கே வழக்கம். “நீயே எழுதிக் குடும்மா” என்றார் பேராசிரியர். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாள். ‘இந்த மெஷினைப் பிறர் உதவியின்றித் தனியாக இயக்கத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று ஒரு வரியை வேண்டுமென்றே போட்டாள். கொஞ்சம் கள்ளத்தனம்தான். இருக்கட்டுமே, படித்த காலத்தையும் சேர்த்தால் பத்து வருட உழைப்பாயிற்றே!

விளம்பரம் வெளிவந்த மதியம், மெஷின் பக்கத்திலேயே நின்று செல்போனில் படித்தாள். கால்புள்ளி முதற்கொண்டு அவள் எழுதியது அப்படியே இருந்தது. ஒரு வரி மட்டும் புதிது: ‘டாக்டர் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.’

பொறு பொறு என்று சொல்லியே அவளை அந்த ஆறு வருடத்தைத் தாண்ட வைத்துவிட்டாரே, பாவி மனுஷர்!

பக்கத்தில் நோட்டும் கையுமாக நின்ற சின்னப் பெண் போன வருடம் பட்டம் வாங்கியவள்; மெஷின் அக்காவிடம்தான் வேலை பழகுகிறாள். அக்கா செல்போனை நீட்டியதும் அந்தப் பெண் தலை குனிந்தாள்.

“தெரியும்க்கா. சார் போன மாசமே என்னை அப்ளை பண்ணச் சொன்னார். உங்ககிட்ட சொல்ல வேணாம்னார்.”

“ஒரு மாசமா என்கூடவே உக்காந்து சாப்பிட்டியேடி!”

அவள் நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள்.

“மேலிடத்து விதிம்மா, என் கையில என்ன இருக்கு?” அவர் கண் மேஜையை விட்டு எழவில்லை. “உன் ஒப்பந்தத்தை ஆறு மாசம் நீட்டிடறேன். நேர்காணலுக்கு ஒரு மாசம் இருக்கு. அதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு மெஷினை முழுசா சொல்லிக் குடுத்துரு.”

கேட்க எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! அவள் மெஷின் அறைச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“பிறர் உதவி இல்லாம ஓட்டத் தெரியணும் சார். விளம்பரத்துலயே இருக்கு.”

குரல் நடுங்காமல் சொல்லிவிட்டாள். அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள்.

வீட்டில் கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். “என்னாச்சு?”

அவள் செல்போனை அவர் கையில் கொடுத்தாள்.

“எழுத்துல குடுத்துட்டாருங்க” என்றாள்.