பூட்டிய வீடுகளுக்கு மட்டும் கோலம்

டெல்லியில் எங்கள் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் திருட்டு என்றால் மே மாதம்தான். தமிழ்க் குடும்பங்கள் லீவு எடுத்துக்கொண்டு கூட்டமாக ஊருக்கு ரயிலேறிய மறுவாரமே எங்கள் சந்தில் பூட்டு உடையும். அடுத்த சந்தில் பஞ்சாபிகளும் வங்காளிகளும் பூட்டிவிட்டுப் போன வீடுகளில் ஒரு டம்ளர்கூடக் காணாமல் போகாது. திருடனுக்குக்கூட மதராசி என்றால் இளக்காரமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் அது எனக்கு ஊர்ப் பிரச்சினையாக மட்டும் இருக்கவில்லை. திருநெல்வேலியில் என் தங்கைக்குக் கல்யாணம். அப்பா இல்லை. கூடப் பிறந்த ஆண்பிள்ளையும் இல்லை. மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்து வர, மூத்த மருமகன் என்ற முறையில் என் கணவர்தான் நிற்க வேண்டும். அவரோ வீட்டைப் பூட்டிவிட்டு வருவதாக இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆகவே காலனிக்குக் காவல் ஏற்பாடு செய்வது என் தலையில் விழுந்தது.

காலனியில் ஒரு நலச்சங்கம் இருந்தது. பொங்கல் விழா நடத்துவதும், போன பொங்கல் விழாவைப் பற்றிச் சண்டை போடுவதும்தான் அதன் வேலை. நான் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு மார்க்கெட் கடைக்காரர்களைப் போய்ப் பார்த்தேன். அவர்களுடைய கிடங்குகளின் பின்சுவர் எங்கள் சந்தில்தான் இருந்தது. இரவுக் காவலுக்கு ஒரு சௌக்கிதார் வைத்தால் சம்பளத்தில் பாதியைத் தருகிறோம், எங்கள் ஷட்டரையும் அவன் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். மீதியைச் சங்கம் போட்டது. ஆளைச் சரிபார்த்துக் கொடுக்கக் காவல் நிலையமும் ஒத்துக்கொண்டது. சௌக்கிதார் வந்தான். இரவெல்லாம் விசிலடித்து எல்லாரையும் எழுப்பினான். திருடன் மட்டும் எழவில்லை, ஏனென்றால் அவன் வேலை நேரம் பகல்.

மறுபடி கூட்டம். கடைக்காரர்கள் செலவில் சமோசா. இன்ஸ்பெக்டர் வந்து எங்கள் சந்தில் ஒரு சுற்று வந்துவிட்டு, வாசலில் இருக்கிற இந்த வெள்ளைக் கோடெல்லாம் என்ன என்று இந்தியில் கேட்டார். தினமும் காலையில் போடுவது என்றோம். ஊருக்குப் போனால் யார் போடுவார்கள் என்றார். யாரும் போட மாட்டார்கள் என்றோம். அவர் சமோசாவைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தார். வீட்டில் ஆள் இல்லை என்று நாங்களே வாசலில் தெரிவித்துவிட்டுப் போயிருக்கிறோம், அதுவும் வருஷா வருஷம்.

ஆக, பூட்டிய வீடுகளுக்குக் கோலம் போட ஆள் வைக்க வேண்டும். கடைக்காரர்கள் உடனே சரி என்றார்கள். சங்கத்தில்தான் விவகாரம் வந்தது. கோலமாவை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று சங்கத்தின் தணிக்கையாளர் ஆட்சேபம் எழுப்பினார். தணிக்கையாளர் என் கணவர். ஆபீஸிலும் அவருக்குத் தணிக்கைப் பிரிவுதான். ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிய விவாதத்துக்குப் பிறகு, கோலமாவு ஒரு காவல் சாதனம் என்று தீர்மானம் நிறைவேறியது.

சந்துக்குப் பின்னால் ஜுக்கிக் குடிசைகளில் இருந்த சேலத்துப் பெண் ஒருத்தி, இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள், கோலம் போட வந்தாள். வெள்ளிக்கிழமை பெரிய கோலம், மற்ற நாளில் சின்னது என்று நான் சொல்லி வைத்தேன். ஒரே கோலத்தை எல்லா வாசலிலும் போடக் கூடாது என்றும் சொன்னேன்.

எல்லாம் ஆயிற்று, கிளம்பலாம் என்று அவரிடம் போனேன்.

"கோலம் வந்து கள்ளனைப் புடிக்குமோ? நீ பிள்ளையளக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வா. நான் வீட்டப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

கெஞ்சினேன், அழுதேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். மனிதர் அசையவில்லை. சரி, நம் வாசலிலாவது அந்தப் பெண் கோலம் போட்டுவிட்டுப் போகட்டும் என்றேன். அதையும் வெட்டினார். ஆள் குடியிருக்கிற வீட்டுக்குப் பொதுப் பணத்தில் கோலம் போட்டால் அது விதிமீறல் என்றார்.

ஊரில் பெரியப்பா மகன்தான் மாப்பிள்ளைக்கு மாலை போட்டான். மணவறையில் உட்காரப்போகும் நேரத்தில்கூடத் தங்கை வாசலைப் பார்த்தாள். "அத்தான் வரவே மாட்டாவளாக்கா?" என்று கேட்டாள். டெல்லியில் அவசர வேலை என்று பொய் சொன்னேன். 

திரும்பி வந்தபோது அவர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். ஆட்டோவில் பாதி வழி வரை கல்யாணத்தைப் பற்றி விசாரித்தார். காலனி திருப்பம் வந்ததும், தெருவைப் பார்த்தபடி, "கேஸ் சிலிண்டர் இல்ல. மண்ணெண்ண ஸ்டவ் இருக்கு" என்றார்.

வேறென்ன இல்லை என்பது வீட்டுக்குள் போனதும் தெரிந்தது. ரேடியோ, குக்கர், மேஜை விசிறி, அவருடைய இரண்டு சஃபாரி சூட். சந்து முழுக்கப் பூட்டிய வாசல்களில் கோலம் பளபளவென்று இருக்க, கோலமில்லாத ஒரே வீட்டைத் திருடன் தேடிப் பிடித்திருக்கிறான், அவர் ஆபீஸுக்குப் போயிருந்த பகலில். இன்ஸ்பெக்டர் வந்து பூட்டைப் பார்க்கவில்லையாம், வாசலைத்தான் பார்த்தாராம். இவர் விதியை விளக்கினாராம். புரியவில்லை, இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள் என்றாராம் இன்ஸ்பெக்டர். பக்கத்து வீட்டு அம்மாள் இதைச் சொல்லச் சொல்ல நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

ரேடியோவும் குக்கரும் பழைய சாமான் வாங்கும் ஒரு கபாடிக் கடையில் அகப்பட்டன. குடியிருக்கும் வீடுகளுக்கும் கோலம் உண்டு என்று அடுத்த கூட்டத்தில் அவரே தீர்மானம் கொண்டுவந்தார். ஒருவரும் எதிர்க்கவில்லை. சிலிண்டருக்குப் பதில் சிலிண்டர் வாங்கினோம், சூட்டுக்குப் பதில் சூட் தைத்தோம்.

தங்கை இன்றும் யாருக்காவது கல்யாண ஆல்பத்தைக் காட்டினால், மாப்பிள்ளை அழைப்பு போட்டோ வந்ததும், "எங்க அத்தான் அன்னைக்கு டெல்லியக் காவல் காத்துக்கிட்டு இருந்தாவ" என்று சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு, அடுத்த பக்கத்தை அவரே கைநீட்டித் திருப்பிவிடுவார்.