அவர்களுக்கு முந்திரி, எனக்கு மோர்

உணவு ஆலோசகர் வேலையில் கஷ்டமானது எடையைக் குறைக்கச் சொல்வது அல்ல; குறைத்து முடித்தவரைப் பார்த்து, "நாளையிலிருந்து கொஞ்சம் நெய் சேர்த்துக்கோங்க" என்று முகம் மாறாமல் சொல்வதுதான்.

ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் மாடியில் எனக்கு ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு எடை மெஷின். குண்டாக வருகிறவர்களைப் பற்றி இங்கே நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவர்கள் என் சொந்தக்காரர்கள் மாதிரி. நான் சொல்ல வந்தது இளைத்தபிறகு வருகிறவர்களைப் பற்றி. மாதக்கணக்கில் வாயைக் கட்டி, நினைத்த எடையைத் தொட்டுவிட்டு, அங்கேயே நிற்க முடியாமல் இன்னும் கீழே போய்க்கொண்டிருப்பவர்கள். வயிறு சுருங்கியிருக்கும், நிறையச் சாப்பிட முடியாது. கொஞ்சம் சாப்பிட்டாலும் தெம்பு நிறையக் கிடைக்கிற சாப்பாடாக அவர்களுக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். வேர்க்கடலை, எள், முந்திரி, பேரீச்சம்பழம், தேங்காய்ப்பால், முட்டை மஞ்சள்கரு, சாளை மீன், நல்லெண்ணெய். சொல்லச் சொல்ல எனக்கு நாக்கில் ஊறும். அவர்கள் படியிறங்கிப் போனதும் நான் என் டப்பாவைத் திறப்பேன். உள்ளே வெள்ளரிக்காயும் மோரும் இருக்கும். பச்சைத்தண்ணீர் குடித்தாலே உடம்பு வைக்கிற ரகம் நான். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது என் கூட்டம் என்று நம்பித்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிட்டு, போய் எதையாவது சாப்பிடுங்கள்.

ஒரு கைப்பிடி முந்திரி

பரமக்குடியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர். முதல் தடவை வந்தபோது என் நாற்காலியில் பக்கவாட்டில்தான் உட்கார முடிந்தது. சொன்னதையெல்லாம் கேட்டார், நடந்தார், இளைத்தார். அப்புறம் ஒரு நாள் கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்க, பயந்த முகத்தோடு வந்து நின்றார். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் சேலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, "அண்ணாச்சிக்குச் சுகரா? யாவாரம் சரியில்லையா?" என்று அவரையே பார்க்கிறார்களாம்.

"இனி இளைக்க வேண்டாம், இப்படியே நிக்கணும்" என்று ஆரம்பித்தேன். இட்லிக்குப் பொடியோடு நல்லெண்ணெய் தாராளமாக விடலாம். பதினோரு மணிவாக்கில் ஒரு கைப்பிடி முந்திரி, கூடவே பேரீச்சம்பழம். மத்தியானம் பருப்பில் நெய். சாயங்காலம் வேகவைத்த கடலை. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்காமல், வாரத்துக்கு ஒன்றாகச் சேர்க்கலாம். நான் இதைக் கோயில் பிரசாதம் கொடுக்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவரோ கோர்ட்டில் தீர்ப்புக் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். முந்திரி என்றதும் முகத்தைச் சுளித்தார். ஐயா, முந்திரிக்கு! அந்த முந்திரியை எனக்குக் கொடுத்திருந்தால் நான் என்னவெல்லாம் செய்திருப்பேன்.

எழுந்து போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். "இம்புட்டையும் திங்கணும்னு நெனச்சாலே மலைப்பா இருக்கு மேடம். நீங்க குடுத்து வச்சவுக, உங்களுக்கு இந்தத் தொல்லை கெடையாது."

மறதி

மும்தாஜ் எங்கள் மாடியின் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். கீழக்கரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். என்னை லாத்தா என்றுதான் கூப்பிடுவாள், அவர்கள் ஊரில் அக்காவுக்கு அப்படித்தான். பத்து மணிக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த தொதல் அல்வாவை, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மினுமினுக்க, துண்டு துண்டாக வாயில் போட்டுக்கொண்டே டோக்கன் கொடுப்பாள். பதினோரு மணிக்கு யாராவது சமோசா வாங்கி வருவார்கள். கல்யாண வீட்டுப் பிரியாணி மறுநாள் டப்பாவில் வரும். ஆள் மட்டும் ஒட்டடைக் கம்பு மாதிரி அப்படியே இருப்பாள். அவள் புர்காவுக்குள் காற்றுத்தான் இருக்கிறதோ என்று நான் பலமுறை சந்தேகப்பட்டிருக்கிறேன்.

ஒரு நாள் நாலு மணி சுமாருக்கு, தலையைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். ஏன் தலைவலி என்று யோசித்து, கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். மத்தியானம் சாப்பிடவில்லை. கூட்டத்தில் மறந்துவிட்டாளாம். மறந்துவிட்டாள்! நான் அன்றைக்குக் காலையில் சாப்பிட்ட இரண்டு இட்லியின் முகஜாடைகூட எனக்கு ஞாபகம் இருந்தது. மும்தாஜ் என்னை வெள்ளந்தியாகப் பார்த்துக் கேட்டாள். "எனக்கு அடிக்கடி இப்புடி ஆவுது லாத்தா. உங்களுக்கு ஒரு நாளாச்சும் மறந்திருக்கா?"

பாம்பன்காரி

ஜெசிந்தா பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்கிறாள். முப்பது வயதுக்குள் மூட்டு வலி வந்து, டாக்டர் அவளை என்னிடம் அனுப்பினார். என்னைவிட ஒரு சுற்றுப் பெரியவளாக உள்ளே வந்தாள். அதனாலேயே பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. அந்தப் பிரியம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஒவ்வொரு தடவை வரும்போதும் இளைத்துக்கொண்டே வந்தாள். என் அளவைத் தாண்டினாள். என் தங்கை அளவைத் தாண்டினாள். ஒரு நாள் கழுத்தெலும்பு தெரிய, அதன்மேல் சிலுவை போட்ட சங்கிலி படுத்திருக்க வந்து நின்றாள். எனக்குக் கழுத்தெலும்பு இருக்கிறது என்பது எக்ஸ்ரேயில் மட்டும் தெரிந்த விஷயம்.

பொறாமையை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால், நிலைமை நன்றாக இல்லை. முடி கொத்தாக உதிர்ந்தது. நின்றால் கண் இருட்டியது. மூட்டு வலி போய்விட்டது, எடையும் வேண்டிய அளவுக்கு வந்துவிட்டது, இனி குறையவே கூடாது என்று சொன்னேன். தினமும் சாளைக்குழம்பு, அதில் தேங்காய்ப்பால், அவித்த முட்டை மஞ்சள்கருவோடு, கைநிறையக் கடலை என்று எடுத்துச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினாள். அடுத்த தடவை இன்னும் குறைந்திருந்தாள்.

அதற்கடுத்த தடவை அவள் புருஷன் ஸ்டீபன் கூடவே வந்தான். கடலுக்குப் போகிறவன், நாலு வார்த்தை சேர்த்துப் பேசமாட்டான். மீன் ஏலம் விடுகிற இடத்தில் அவள் மயங்கி விழுந்துவிட்டாளாம். நான் அவளைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான். "சோத்துல தண்ணிய ஊத்தி அலசிட்டுத் திங்குறா மேடம். எனக்குப் பயமா இருக்கு."

நல்ல மாசம்

ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரையும் இதே போல எடை நிற்க வேண்டிய கட்டத்தில் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பி வைத்திருந்தேன். கலோரி அதிகம் உள்ள நல்ல சாப்பாடு என்று நான் விளக்கியதில் 'நல்ல' என்ற வார்த்தை மட்டும் எப்படியோ பஸ்ஸில் தவறிப்போயிருக்கிறது. ஒரு மாதம் கழித்து வந்தார். மெஷினில் ஏறினார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு மறைக்காமல் சொன்னார். ராத்திரிக்குப் பரோட்டா, சால்னா. சாயங்காலம் பஜ்ஜி. லீவு நாளில் நெய் மிதக்க அல்வா.

நான் பொறுமையாக விளக்கினேன். பரோட்டாவிலும் கலோரி உண்டு, கடலையிலும் உண்டு. கடலையோடு புரதமும் நல்ல கொழுப்பும் சேர்ந்து வருகிறது, கொஞ்சத்தில் வயிறும் நிறைகிறது. பரோட்டாவில் மைதாவும் எண்ணெயும்தான் மிச்சம். வாத்தியார் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் மாதிரி தலையைக் குனிந்து கேட்டார். ஆனால் அந்த முகத்தில் ஒரு பிரகாசம் இருந்தது. அதை என்னால் சகிக்கவே முடியவில்லை. அவர் சொன்னார். "தப்புத்தான் மேடம், ஒத்துக்கிறேன். ஆனா அந்த ஒரு மாசம் இருக்குல்ல, என் சர்வீஸ்லயே அப்படியொரு மாசம் வந்ததில்ல."

வாசலில் வந்தவர்

வெளியில்தான் இப்படி என்றால் வீட்டிலும் அதே கதை. நானும் என் வீட்டுக்காரரும் ஒரே நாளில்தான் டயட் ஆரம்பித்தோம். அவர் சோற்றைப் பாதியாக்கினார், மழை பெய்தால்கூட நடந்தார். பேண்ட் எல்லாம் இடுப்பில் நிற்காமல் போனது. நானும் அதையேதான் செய்தேன். என் சுடிதார் அசையவில்லை. போதாக்குறைக்கு, எடை நிற்க அவருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெய் ஊற்றி அவர் முன்னால் வைக்கிறேன். எனக்கு எதிரே புடலங்காய்க் கூட்டு. அவர் என்னைப் பார்த்துப் பாவப்பட்டு, ஒரு வாய் எடுத்து நீட்டுவார். அந்தப் பாவப்படுதலை மட்டும் என்னால் செரிக்கவே முடியாது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அம்மா வந்தார். வாசலில் என் பெயரும் படிப்பும் போட்ட பலகையைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். என்ன சந்தேகம் என்று கேட்டு, நான் எழுந்து முன்னால் போனேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டுக் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் போனார். "நீ இரும்மா, ஒன்னைய எதுக்குச் சிரமப்படுத்திக்கிட்டு. தம்பிதான் நல்லா எளைச்சிருக்காக, அவுககிட்ட ஒரு யோசனை கேட்டுட்டுப் போறேன்."

எள்ளுருண்டை

அந்த அம்மா வந்து போன மறுநாள்தான் ஜெசிந்தா மறுபடி வந்தாள். எடை இன்னும் ஒரு சுற்றுக் குறைந்திருந்தது. ஸ்டீபன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். அவள் வழக்கம்போலத் தலையாட்டினாள். அளவு குறுக்கி அவள் தைத்துப் போட்டிருந்த பழைய ஜாக்கெட்டும், அந்தக் கழுத்தெலும்பும் என் கண் முன்னால். என்ன ஆயிற்றோ, படித்த படிப்பெல்லாம் பறந்துவிட்டது. "இங்க பாரு, ஒன்னையப் பாத்தா எனக்கு வயிறு எரியுது" என்றேன். "எள்ளு தின்னு, முந்திரி தின்னுன்னு என்னைய ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாக. ஒனக்கு நானே கெஞ்சுறேன். நீ என்னடான்னா சோத்தைக் கழுவித் திங்குற! அந்த ஒடம்பை எங்கிட்டக் குடுத்துட்டுப் போ, நான் தின்னுக்கிறேன்."

அவள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். எனக்கே பேசியது அதிகம் என்று தோன்றியது. மும்தாஜ் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டு, தன் டப்பாவிலிருந்து எள்ளுருண்டையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். ஜெசிந்தா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றை எடுத்து, பாதி கடித்து, மெதுவாக மென்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. மீதிப் பாதியையும் சாப்பிட்டாள். இன்னொன்றையும் எடுத்துக்கொண்டாள். நான் என் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் எடை குறையவில்லை. அதற்கடுத்த மாதம் கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்றது. முடி கொட்டுவது நின்று, முகத்தில் ரத்தம் தெரிந்தது. ஸ்டீபன் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டை மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தான். அவனுக்குப் பல் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் கேட்காதவள் அன்றைக்கு மட்டும் ஏன் கேட்டாய் என்று ஜெசிந்தாவிடம் விசாரித்தேன். என் விளக்கத்தில் ஏதோ ஒன்று மனதில் பட்டிருக்கும் என்று எனக்கு உள்ளூர ஒரு ஆசை. அவள் கொஞ்சம் வெட்கப்பட்டுத்தான் சொன்னாள். "எளைச்சுட்டேன்னு எல்லாரும் சொல்லுவாக, சும்மா மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாகன்னு நெனப்பேன். கண்ணாடில பாத்தாலும் பழைய ஜெசிந்தாதான் தெரிவா. நீங்க அன்னைக்கு வயிறெரிஞ்சீங்க பாருங்க, அது பொய்யா இருக்காதுல்ல? அப்பத்தான் நான் நெசமாவே எளைச்சுட்டேன்னு நம்புனேன், இனிமே சாப்புட்டுக்கலாம்னு தைரியம் வந்துச்சு."

படித்து வாங்கிய பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வேலை செய்த வயிற்றெரிச்சலை எங்கே மாட்டுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.