கோப்பை கழுவ வந்த மாலிக்காரர்

ஐந்தாம் வகுப்போடு படிப்பு சரி. ஆனாலும் பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இரண்டு கடை போட்டேன். புறநகர் பொண்டியில் வீடு வாங்கினேன். எங்கள் சனத்தில் எத்தனையோ பேரை வேலையில் சேர்த்துவிட்டேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டில் அங்கே ஓர் உணவகத்தின் சமையலறை என் பொறுப்பில் இருந்தது. கோப்பை கழுவ ஆள் தேவை. முதலில் வந்தவர் ஆபிரிக்காவின் மாலி நாட்டுக்காரர். கறுப்பர் என்று கண்டதும், ஆள் எடுத்தாயிற்று என்றேன். குவிந்திருந்த கோப்பைகளைப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லிப் போனார்.

அடுத்து வந்த யாழ்ப்பாணத்தவரை உடனே எடுத்தேன்.

"ஆர் அனுப்பினது?"

"வெளியில ஒரு ஆபிரிக்கக்காரர், அண்ணை. நீ தமிழோ எண்டார். ஓம் எண்டன். அப்ப உள்ள போ, உன்னை எடுப்பினம் எண்டார்."

ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டிருக்கலாம். குனிந்து வெங்காயம் வெட்டினேன்.

கறுப்பரை எடுக்காதே என்று முதலாளி ஒருநாளும் சொன்னதில்லை. சனத்துக்கு வேலை எடுத்துக் கொடுத்தவன் என்று என்னைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள், அந்த மனிதரைத் திருப்பி அனுப்பியவனும் நானே என்று சேர்த்து எழுதவேண்டும்.